முன்னால் நின்ற கார்

பிப்ரவரி 4

கார்களைக் குறைக்கும் பிரிவின் பொறுப்பு அதிகாரி அவர்களுக்கு,
நகரப் போக்குவரத்து அலுவலகம்.

வணக்கம்.

தங்கள் சுற்றறிக்கை நேற்றுக் காலை என் வாசற்கதவின் இடுக்கில் செருகப்பட்டிருந்தது. அதே கதவில் கடிதப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதன்மேல் 'கடிதங்கள்' என்று எழுதியும் இருக்கிறது. தங்கள் ஆட்களுக்குப் படிக்கத் தெரியும் என்று நம்பி எழுதி வைத்தேன்.

அறிக்கையிலிருந்து நான் விளங்கிக்கொண்டது இது. வரும் கோடையிலிருந்து எங்கள் தெருவின் இடப்பக்கம் முழுவதும் பேருந்துக்கு மட்டும் ஒதுக்கப்படும். வீட்டுக்கு முன்னால் எந்தக் காரும் நிற்கக் கூடாது. அதற்கு முன்பு, விருப்பமுள்ள குடும்பங்கள் ஒரு மாதம் காரைத் தொடாமல் இருந்து பார்க்கலாம். அவர்களுக்கு இலவசப் பயண அட்டை தருவீர்கள். பேருந்தில் ஏறிப் பழக்கமில்லாதவர்களுக்குத் 'துணைப் பயணி' என்று ஓர் ஆளையும் அனுப்பி, கையைப் பிடித்து ஏற்றி இறக்குவீர்கள். நகரத்தின் காற்று சுத்தமாகும், புகை குறையும், பூமியின் சூடு தணியும். எல்லாம் நல்ல நோக்கந்தான். நான் படித்த கான்வென்டில் சிஸ்டர்கள் பிரம்பைக் கையில் எடுக்கும்போதும் நல்ல நோக்கத்தோடுதான் எடுப்பார்கள்.

கீழே இருக்கும் கையெழுத்தை அடையாளம் கண்டுகொண்டேன். என் மகனின் திருமணப் பதிவேட்டிலும் அதே கையெழுத்துத்தான். கடைசி எழுத்தின் வால் கோட்டுக்குக் கீழே தொங்கும்.

என் வாசலில் நிற்கும் கார் என் மகனுடையது. அதை எடுத்துப் போக அவன் வரமாட்டான். காரணம் அதிகாரி அவர்களுக்கே தெரியும். மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்து நிறுத்திய நாளிலிருந்து அது அசையவில்லை. இனியும் அசையாது. தங்கள் திட்டத்தை எதிர்ப்பக்கத்திலோ அடுத்த தெருவிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பச்சை கேட் வீட்டின் சொந்தக்காரி


பிப்ரவரி 9

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் அலுவலகத்தில் பதிவாகி, முத்திரை குத்தப்பட்டு என் மேசைக்கு வந்தது. தபால் பிரிக்கும் பெண், "யாரு மேடம் இது, இவ்வளவு அழகா திட்டுறாங்க?" என்று கேட்டாள். "என் மாமியார்" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

உங்கள் கையெழுத்தைப் பார்த்து ஒன்றரை வருஷமாகிறது. திட்டியே எழுதியிருந்தாலும் உறையைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தை, தெருக்களைத் தேர்ந்தெடுப்பது நானல்ல. பிரதான சாலையில் பேருந்துத் தடம் ஏற்கெனவே இருக்கிறது. அது ரயிலடி வரை போக வேண்டுமானால் உங்கள் தெரு வழியாகத்தான் போக வேண்டும். வேறு வழி இருக்கிறதா என்று வரைபடத்தைப் பல தடவை புரட்டிப் பார்த்தேன். இந்தத் தெருவின் கோப்பை வேறு யாரிடமாவது தள்ளிவிட்டுக் கையெழுத்துப் போடாமலும் இருந்திருக்கலாம். எப்படியும் உங்களுக்கு வலிக்கப்போகிறது, என் பெயரிலேயே வரட்டும் என்று நினைத்தேன். அது தப்பா சரியா என்று இப்போதும் தெரியவில்லை.

என் வேலை உங்களுக்கு எப்போதும் பிடித்ததில்லை. "வீடு வீடாப் போய் ஜனங்களைக் காரை விட்டு இறங்கச் சொல்றதுக்கு ஒரு படிப்பா?" என்று நீங்கள் ஒருமுறை கேட்டதும், உங்கள் மகன் சாப்பாட்டுத் தட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்ததும் ஞாபகம் இருக்கிறது. இப்போதும் அதையேதான் செய்கிறேன். கதவைத் தட்டுகிறேன். பேருந்து எத்தனை மணிக்கு வரும், எங்கே நிற்கும், காருக்கு ஆகிற செலவில் என்ன மிச்சம் என்றெல்லாம் சொல்கிறேன். பொறுமையாகக் கேட்கிறார்கள். கடைசியில் எல்லா வீட்டிலும் ஒரே கேள்விதான். "சரிம்மா, அவசரம் ஆபத்துன்னா கார் வேணாமா?" அதற்கு அலுவலகம் அச்சடித்துக் கொடுத்த பதில் ஒன்று இருக்கிறது. அதை மட்டும் தாளைப் பார்த்துப் படித்துவிட்டு வந்துவிடுகிறேன்.

உங்களை வந்து பார்க்கலாமா? ஒரு மாதப் பயண அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன். துணைப் பயணி வேண்டுமென்றால் நானே வருகிறேன். முழங்கால் வலிக்குப் போட்டுக்கொள்ளும் எண்ணெய் தீர்ந்திருக்கும், வாங்கி வரட்டுமா?

அன்புடன்,
உங்கள் மருமகள்


பிப்ரவரி 20

மருமகளுக்கு,

பயண அட்டையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எண்ணெய் இருக்கிறது. முழங்காலும் இருக்கிறது.

நீ வர வேண்டாம்.

வலிக்கப்போகிறது என்று எழுதியிருக்கிறாய். என்ன வலி என்று உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, அதனால் சொல்கிறேன். மத்தியான வேளையில், தெருவில் ஆள் நடமாட்டம் ஓய்ந்தபின், அந்தக் காருக்குள் போய் உட்காருகிறேன். பாட்டரி செத்துவிட்டது. இரண்டு சக்கரங்கள் தரையோடு ஒட்டிவிட்டன. ஓட்டுநர் இருக்கை அவன் கால் நீளத்துக்குப் பின்னால் தள்ளியே இருக்கிறது. என் கால் பிரேக்குக்கு எட்டாது. எட்டாமலே உட்கார்ந்திருப்பேன். அவனுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் நான். அவன் அப்பாவுக்கு ரிவர்ஸ் எடுக்கவே வராது, கடைசி வரை வரவில்லை. பள்ளத்தில் இறக்கும்போது முட்டை மூட்டை ஏற்றியிருப்பதாக நினைத்துக்கொண்டு இறக்கு என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அந்தக் காரை எடுத்துவிட்டால் நான் எங்கே போய் உட்காருவது? அதற்கும் உன் அலுவலகம் ஒரு அட்டை தருமா?

வாய் திறந்து சொல்லாமலிருந்ததை இப்போது எழுதிவிடுகிறேன். உன் அலுவலகம் கண்டுபிடித்த அந்தக் காரில்லாப் புதன்கிழமைக்காகத்தான் அவன் அன்று காரை என் வாசலில் விட்டுவிட்டுப் போனான். பெண்டாட்டி ஊருக்கெல்லாம் சொல்கிறாள், நான் காரில் போனால் நன்றாயிருக்குமா என்று சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தான். நெஞ்சு வலியோடு பேருந்து நிறுத்தத்தில் நின்றிருக்கிறான். கார் கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருந்தால் தானே ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போயிருப்பான். இது என் முடிவு. ஒன்றரை வருஷமாக அதை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டேன், மாறவில்லை.

பக்கத்துவீட்டுப் பல்வைத்தியர் தெருக்காரர்கள் சிலரை அழைத்துக்கொண்டு வந்திருந்தார். நோயாளிகள் அவர் வாசலிலேயே காரில் வந்து இறங்க வேண்டுமாம். பல் பிடுங்கிக்கொண்டு, வீங்கின கன்னத்தோடு பேருந்தில் போனால் கௌரவக் குறைச்சலாம். "மேடம், கூட்டத்துல நீங்க எழுந்து ஒரு கேள்வி கேட்டா போதும். அவங்களால பதில் சொல்ல முடியாது" என்றார். என் துக்கத்தை இரவல் கேட்கிறார் என்று எனக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் சரியென்று சொல்லிவிட்டேன்.

மார்ச் பதினெட்டு, நூலகக் கூடத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். நீதான் மேடையில் இருப்பாய் என்று போட்டிருக்கிறது. எல்லோர் முன்னாலும் எழுந்து, அன்று என் மகனை அந்தப் பேருந்து எவ்வளவு நேரம் காக்க வைத்தது என்று கேட்கப்போகிறேன். அதற்குப் பிறகு நமக்குள் பேச்சு இல்லை. முன்கூட்டியே தெரிவிப்பது மரியாதை என்பதால் தெரிவிக்கிறேன்.

உன் மாமியார்


பிப்ரவரி 27

அன்புள்ள அத்தைக்கு,

கேளுங்கள். நான் மேடையில்தான் இருப்பேன், எழுந்து ஓடமாட்டேன். நீங்கள் கேட்டபின் அந்தக் கூடத்தில் இருக்கிற யாரும் தடம் வேண்டுமென்று கை தூக்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். பல்வைத்தியர் கெட்டிக்காரர்.

ஆனால் பதிலைக் கூட்டத்துக்கு நடுவில் முதல்முறையாக நீங்கள் கேட்கக் கூடாது. அது மட்டும் என்னால் தாங்க முடியாது.

மருத்துவமனை நடைபாதையில் அதைச் சொல்லத்தான் உங்கள் பக்கத்தில் வந்தேன். நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். பிறகு இரண்டு தடவை கடிதம் எழுதினேன். பிரிக்காமலே திரும்பி வந்தன. இப்போதும் நான் எழுதினால், வேலையைக் காப்பாற்றிக்கொள்ள அளக்கிறாள் என்றுதான் உங்களுக்குப் படும். அதனால் நான் சொல்லவில்லை.

அன்றைக்கு அந்தப் பேருந்தை ஓட்டிய பெண் இன்னும் அதே தடத்தில்தான் ஓட்டுகிறார். மத்தியான முறை. பிரதான சாலைக் கடைசி நிறுத்தத்தில் வண்டி கொஞ்ச நேரம் நிற்கும். உயரமாக, கண்ணாடி போட்டுக்கொண்டிருப்பார். நான் அனுப்பியதாகச் சொல்ல வேண்டாம். அவரிடமே கேளுங்கள்.

பயண அட்டையை மறுபடியும் வைத்திருக்கிறேன். இதையும் திருப்பி அனுப்பினால் வாங்கிக்கொள்கிறேன். சரியாகச் சாப்பிடுங்கள். உங்கள் வரிகள் கொஞ்சம் கீழே சரிகின்றன. முன்பெல்லாம் கோடு போட்டதுபோல் இருக்கும்.

அன்புடன்,
மருமகள்


மார்ச் 6

மருமகளுக்கு,

வரிகள் சரிவது மேசையின் கால் ஆடுவதால். நான் ஆடவில்லை.

பேருந்தில் போனேன். அட்டையை எங்கே காட்டுவதென்று தெரியாமல் ஓட்டுநர் முகத்துக்கு நேரே நீட்டினேன். பின்னாலிருந்த ஒரு பெண், "அம்மா, அந்தப் பெட்டியில வைங்க, கீங்னு கத்தும்" என்றாள். வைத்தேன், கத்தியது. எனக்கு இடம் கொடுக்க மூன்று பேர் எழுந்தார்கள். நான் அவ்வளவு கிழவியாகத் தெரிகிறேன் என்பது எனக்குப் புதுச் செய்தி.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கியபின் ஓட்டுநர்ப் பெண் இருக்கையிலேயே உட்கார்ந்து பிளாஸ்க் மூடியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். பேசியதை அப்படியே எழுதுகிறேன். எனக்கு ஞாபக சக்தி குறையவில்லை.

"ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் இந்த வண்டியில மயங்கி விழுந்தாரே, அப்ப ஓட்டினது நீங்களா?"

மூடியைக் கீழே வைத்தாள். "நீங்க அவருக்கு யாரு?"

"சொந்தம்."

"எந்த மாதிரி சொந்தம்?"

"அது உங்களுக்கு எதுக்கு?"

"அம்மான்னா ஒரு மாதிரி சொல்லணும். வேற யாராவதுன்னா வேற மாதிரி சொல்லணும். அதுக்குத்தான் கேட்டேன்."

"எனக்கு உள்ளது உள்ளபடி சொன்னா போதும்."

"அப்ப அம்மாதான்" என்றாள்.

பிறகு சொன்னாள். அவன் நிறுத்தத்தில் காத்திருக்கவே இல்லையாம். அவன் வரவும் வண்டி வரவும் சரியாக இருந்திருக்கிறது. "ஏறும்போதே முகமெல்லாம் வேர்வை. ஓடி வந்தீங்களா சார்னு கேட்டேன். இல்லம்மா, வயசாகுதுன்னு சிரிச்சார். எனக்குப் பின்னாடி சீட்டுலதான் உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனதும் சரிஞ்சுட்டார். சலூன்ல வேலை பார்க்கிற பொண்ணு ஒண்ணு தினமும் வரும், அதுதான் தலையைப் பிடிச்சு மடியில வச்சுக்கிச்சு. நான் மைக்ல சொன்னேன். வண்டி இனிமே எங்கயும் நிக்காது, நேரா ஆஸ்பத்திரிதான், இறங்கறவங்க இப்பவே இறங்கிக்கங்கன்னேன். யாரும் இறங்கல. ஒருத்தருக்கு அன்னைக்கு வேலைக்கு இன்டர்வியூவாம். அவரும் கம்முனு உட்கார்ந்திருந்தார்."

"ரோட்டுல நெரிசல் இல்லையா?"

"நெரிசலா? காரெல்லாம் கண்ணுக்கு எட்டின வரைக்கும் அப்படியே நின்னுச்சு. நம்ம தடம் காலியா இருந்துச்சு. அதனாலதான் போக முடிஞ்சுது. வேற எந்த வண்டியில இருந்தாலும் நடுரோட்டுலதான் நின்னிருக்கணும்."

"ஏதாவது பேசினானா?"

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "பேசினார்மா. வேகத்தடையில மெதுவா ஏத்தி இறக்கினேன். எங்க அம்மா ஓட்டற மாதிரியே ஓட்டறீங்கன்னார். அந்தப் பொண்ணு அவர் நெத்தியைத் தடவிக்கிட்டே இருந்துச்சு. ஆஸ்பத்திரி வாசல்ல ஸ்ட்ரெச்சர்ல ஏத்தும்போது மூச்சு இருந்துது. நாங்க எல்லாரும் அங்கயே நின்னோம், உள்ளே கொண்டுபோற வரைக்கும்."

நன்றி சொல்லிவிட்டு இறங்கினேன். திரும்பி வருவதற்கு அதே வண்டியில்தான் ஏற வேண்டியிருந்தது. அவள் பின்னால் இருந்த சீட் காலியாக இருந்தது. அதில் உட்காரவில்லை.

ஆக, என் முடிவு தவறு. அதை எழுத்தில் கொடுக்கிறேன். அவன் காரில் போயிருந்தால் அந்த நெரிசலில், ஜன்னலை ஏற்றிவிட்டுக்கொண்டு, தனியாகச் செத்திருப்பான். சின்ன வயதில் தனியாக உட்கார்ந்து ஒரு பிஸ்கட் கூடத் தின்னமாட்டான்.

ஆனால் ஒரு விஷயம் எனக்கு விளங்கவில்லை. வாசலில் இறக்கும்போது மூச்சு இருந்திருக்கிறது. உன் அலுவலகம் என் வீட்டைவிட மருத்துவமனைக்குப் பக்கம். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது, அங்கே நீ இல்லை. எனக்குப் பின்னால்தான் வந்தாய். வந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பேயைக் கண்டவள் போல விலகி நின்றாய். நான் சுவர்ப்பக்கம் திரும்பியது அதற்குப் பிறகுதான். நீ அதை எழுதவில்லை.

முதலில் சொல், நீ அன்று எங்கே இருந்தாய்?

உன் மாமியார்


மார்ச் 11

அன்புள்ள அத்தைக்கு,

இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டுவிடக் கூடாது என்று இத்தனை நாள் வேண்டிக்கொண்டிருந்தேன். கேட்டபின் பொய் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

அன்றைக்கு நகர மன்றத்தின் முன்னால் மேடை போட்டு, காரில்லாப் புதன்கிழமை பற்றி நான் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சு முடிகிற சமயத்தில் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. "இந்த அடையாள அட்டையில இருக்கிறவர் உங்க கணவரா? சீக்கிரம் வாங்க." எதிரிலேயே பேருந்து நிறுத்தம். பலகையில் அடுத்த வண்டி வந்துகொண்டிருப்பதாகக் காட்டியது. எனக்கு அது வரும் வரை நிற்க முடியவில்லை. ஒலிபெருக்கி கொண்டுவந்த அலுவலகக் கார் அங்கே நின்றது. அதில் ஏறிவிட்டேன். ஊருக்கெல்லாம் சொன்ன நான், அத்தை. ஒரு நிமிஷம் கூட யோசிக்கவில்லை. பயம் வந்தால் கை காரின் கதவைத்தான் தேடுகிறது.

பிரதான சாலையில் மாட்டிக்கொண்டோம். முன்னாலும் பின்னாலும் கார். நான் ஏறாமல் விட்ட பேருந்து பக்கத்துத் தடத்தில் எங்களைத் தாண்டிப் போனது. அதன் பின்பக்கத்தில் எங்கள் விளம்பரமே ஒட்டியிருந்தது.

அப்போதுதான் முன்னால் நின்ற காரைப் பார்த்தேன். நாலைந்து வண்டிக்கு முன்னால். பின் கண்ணாடியில் மூலையில் ஒட்டுப்போட்ட விரிசல். அவருடைய கார்.

அத்தை, நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அவர்தான் ஓட்டிக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். காலையில் மனம் மாறி, எனக்குத் தெரியாமல் காரை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார், அடையாள அட்டையை வேறு யாரோ எடுத்திருக்கிறார்கள், ஆஸ்பத்திரியில் கிடப்பது வேறு யாரோ என்று நினைத்தேன். திருட்டுத்தனமாகக் காரில் வந்து மாட்டிக்கொண்டாரே, வீட்டுக்கு வரட்டும் என்று சிரிப்பு வந்தது. நிஜமாகவே சிரித்தேன். ஓட்டுநரிடம், "பரவாயில்ல, மெதுவாவே போங்க, அவசரமில்ல" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் காரின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு, நெரிசல் விலகும் வரை, நான் உலகத்திலேயே சந்தோஷமான பெண்ணாக உட்கார்ந்திருந்தேன்.

பிறகு அந்தக் கார் மருத்துவமனைக்குள் திரும்பியது. நாங்களும் பின்னாலேயே போனோம். அது நின்றது. கதவு திறந்தது.

நீங்கள் இறங்கினீர்கள்.

அதற்குப் பிறகு உங்கள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை, அத்தை. பிள்ளையைப் பார்க்க ஓடி வந்தீர்கள். என் நெரிசலில் நீங்கள் நின்றீர்கள், உங்கள் நெரிசலில் நான் நின்றேன். அவர் மட்டும் பேருந்தில் போய்ச் சேர்ந்துவிட்டார், யாரோ ஒரு பெண்ணின் மடியில்.

அவசரம் ஆபத்துன்னா கார் வேணாமா என்று கேட்கிறவர்களிடம் நான் இதைச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பாதிப் பேராவது கேட்டிருப்பார்கள். நீங்கள் கூட்டத்தில் கேட்டாலும் சொல்லமாட்டேன். உங்களிடம் மட்டும்தான்.

மருமகள்


ஏப்ரல் 2

அன்புள்ள அத்தைக்கு,

கடிதம் வந்து சேர்ந்ததா என்று தெரியவில்லை. சேர்ந்திருக்கும். கூட்டத்துக்கு வந்தீர்கள், முதல் வரிசையில் உட்கார்ந்தீர்கள். உங்கள் முறை வந்தபோது எழுந்து, "என் கேட்டுக்கு முன்னால இருக்கிற காரை எடுத்துடறேன். வேற கேள்வி இல்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தீர்கள். பல்வைத்தியர் உங்களையே பார்த்தார். நானும் பார்த்தேன். நீங்கள் யாரையும் பார்க்கவில்லை. நான் படியிறங்கி வருவதற்குள் போய்விட்டீர்கள்.

தடத்துக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. அலுவலகத்தில் இனிப்பு கொடுத்தார்கள். தபால் பிரிக்கும் பெண் என் பங்கைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள், அந்த மட்டில் அது வீணாகவில்லை.

அந்தக் கடிதத்தை நான் எழுதியிருக்கக் கூடாது. உங்கள் மேல் பழி போடுவதாக எடுத்துக்கொண்டீர்களா? ஒரு வரி எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள். உங்கள் திட்டு பழகிவிட்டது, ஒன்றும் வராமலிருப்பதுதான் பழகவில்லை.

மருமகள்


ஜூன் 17

அன்புள்ள மருமகளுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் வந்தன. பதில் எழுதத் தாமதித்தது முறையல்ல. உட்கார்ந்தேன், எழுந்தேன், அவ்வளவுதான் முடிந்தது.

நீ பழி போடவில்லை என்பது தெரியும். பழி போட்டிருந்தால் உடனே பதில் எழுதியிருப்பேன், உனக்கும் சௌகரியம், எனக்கும் சௌகரியம்.

அன்று போன் வந்ததும் அவன் கொடுத்துவிட்டுப் போன சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். இருக்கையை முன்னால் இழுக்கக்கூட நிற்கவில்லை. நுனியில் உட்கார்ந்து, காலை எட்டிப் போட்டு ஓட்டினேன். பிரதான சாலையில் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. முன்காரிலிருந்து ஒரு மனிதர் இறங்கி வந்து, "எங்கம்மா பறக்கச் சொல்றீங்க?" என்று கேட்டார். பக்கத்துத் தடத்தில் பேருந்துகள் போய்க்கொண்டிருந்தன. காரை அங்கேயே போட்டுவிட்டு இறங்கி, ஒரு கையைக் காட்டியிருந்தால் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். எனக்குத் தோன்றவில்லை. அதுவே தொழிலாக இருந்த உனக்கும் தோன்றவில்லை. இதைக் குத்திக்காட்டுவதற்காக எழுதவில்லை. இந்த ஒன்றில் நாம் இருவரும் ஒன்று என்பதற்காக எழுதுகிறேன்.

நீ எழுதியதில் எனக்கு ஆறாதது வேறு. நாலைந்து வண்டிக்குப் பின்னால் நீ சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய் என்று எழுதினாயே, அதுதான். என் மகன் உயிரோடு ஓட்டிக்கொண்டு போவதாக ஒருத்தி நம்பிக்கொண்டிருந்தாள், நான் கதவைத் திறந்து இறங்கி அதைக் கெடுத்தேன். உனக்கு அவன் செத்தது மருத்துவர் சொன்னபோது இல்லை, என் முகத்தைப் பார்த்தபோது. இதைத் தெரிந்துகொண்டபின் இந்த முகத்தோடு உன் முன்னால் வந்து எப்படி உட்காருவது? நீ வந்து கதவைத் தட்டினால் நான் திறக்க வேண்டும். திறந்தால் மறுபடியும் நான்தான் நிற்பேன்.

காரை மெக்கானிக் எடுத்துக்கொண்டு போய்விட்டான். சக்கரம் சுற்றவில்லை, முன்பக்கத்தைத் தூக்கி இழுத்துக்கொண்டு போனான். "கண்ணாடியில ஒட்டுப்போட்டது யாரும்மா? நல்ல வேலை" என்றான். நான் உள்ளே வந்துவிட்டேன். அது நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை இருந்தது, அதன்மேல் தடத்துக்குச் சாயம் பூசிவிட்டார்கள். உன் ஆட்கள் நேராகப் பூசியிருக்கிறார்கள், அதைச் சொல்லியாக வேண்டும்.

பல்வைத்தியர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. "கவுத்துட்டீங்களே மேடம்" என்றார் பிறகு. போன வாரம் அவரே பேருந்திலிருந்து இறங்கினார். என்னைப் பார்த்ததும் காரை சர்வீஸுக்கு விட்டிருப்பதாகச் சொன்னார். நான் கேட்கவில்லை.

நானும் பேருந்தில்தான் போகிறேன். மருந்துக்கு, நூலகத்துக்கு, கண் பரிசோதனைக்கு. மத்தியானங்களில் போய் உட்கார ஓர் இடம் வேண்டியிருக்கிறது, சும்மாவும் போகிறேன். நம் தெருவில் ஏறினால் வண்டி ரயிலடியைச் சுற்றிக்கொண்டு உன் குடியிருப்பு வழியாகப் போகிறது. இது எனக்கு முதலில் தெரியாது. ஜன்னலில் பார்த்துக்கொண்டே வந்தவள், உன் பால்கனியைக் கண்டதும் திடுக்கிட்டுப் போனேன். கொடியில் ஒரே ஆளின் துணி காய்ந்தது. செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதே இல்லையா நீ?

அதற்குப் பிறகு பல தடவை அந்த வழியாகப் போய்விட்டேன். உன் நிறுத்தம் வரும்போது மணியை அழுத்தக் கை போகும். அந்த ஓட்டுநர்ப் பெண் இப்போது இந்தத் தடத்துக்கு மாறியிருக்கிறாள். கண்ணாடியில் என்னைப் பார்த்து, "இறங்கணுமாம்மா?" என்பாள். "இல்ல, அடுத்தது" என்பேன். அடுத்த நிறுத்தத்தில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது, அது அவளுக்கும் தெரியும். கடைசி வரை போய்விட்டு அதே வண்டியில் திரும்பி வருவேன்.

நேற்று நீ நிறுத்தத்தில் நின்றாய். கையில் பை, தலைமுடியை ஒட்ட வெட்டியிருக்கிறாய். மெலிந்துவிட்டாய். உன் வண்டி வேறு எண் போலிருக்கிறது, எங்கள் வண்டியை நீ நிமிர்ந்து பார்க்கவில்லை. கதவு திறந்தது. இரண்டு பேர் இறங்கினார்கள். நான் எழுந்து நின்றேன். ஓட்டுநர் வண்டியை எடுக்காமல் காத்திருந்தாள். பின்னாலிருந்து ஒருவர், "போலாமே மேடம், என்ன நின்னுட்டீங்க?" என்று கேட்டபின்தான் கதவை மூடினாள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு உன்மேல் கோபமில்லை. அது தெரியாமல் நீ இருக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். செடிக்குத் தண்ணீர் ஊற்று. வேளைக்குச் சாப்பிடு. வா என்று எழுத இன்னும் கை வரவில்லை.

அத்தை